ஆங்கில மொழி வகுப்பில் வாசிப்பும் திறனாய்வுச் சிந்தனையும்: வினா அமைப்பை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழகக் கலை, அறிவியல் கல்லூரிகளில் பகுதி 2 பாடமாக ஆங்கிலம் பயிலும் மாணவர்களுள் பலர், பாடத்தின் வினாக்களுக்கு விடை எழுதக் கற்றுக்கொள்கின்றனர். ஆனால் முன்பின் அறியாத ஓர் ஆங்கிலப் பனுவலைத் தாமே படித்து, அது சொல்வதை ஏற்பதா மறுப்பதா என முடிவு செய்யும் ஆற்றலை அவர்கள் அனைவரும் பெறுவதில்லை. மொழியறிவு முதலில், சிந்தனை பிறகு என்னும் வரிசைமுறை இக்குறைபாட்டிற்கு ஒரு காரணமாகும். வாசிப்பு பற்றிய கோட்பாடுகள், தென்னிந்தியப் பள்ளிகளில் நடைபெற்ற பெங்களூர்த் திட்டம், யாழ்ப்பாண வகுப்பறை குறித்த ஆய்வு, நன்னூலின் கல்விச் சிந்தனை ஆகியவற்றின் துணையுடன் இக்கட்டுரை அவ்வரிசைமுறையை மறுஆய்வு செய்கிறது. எளிய பனுவல், கடின வினா என்னும் கொள்கையை முன்வைத்து, அதற்கு ஒரு பாட மாதிரியையும் தருகிறது.

திறவுச்சொற்கள்: வாசிப்பு, திறனாய்வுச் சிந்தனை, ஆங்கிலம் கற்பித்தல், வினா அமைப்பு, பெங்களூர்த் திட்டம், நன்னூல், மதிப்பீடு

1. முன்னுரை

ஆங்கில வகுப்பில் ஓர் உரைநடைப் பாடம் நடத்தப்படும் முறை பெரும்பாலும் ஒரே தன்மையது. ஆசிரியர் ஒரு பத்தியை உரக்கப் படிப்பார். அருஞ்சொற்களுக்குப் பொருள் கூறுவார். பத்தியின் கருத்தைத் தமிழில் விளக்குவார். பாடம் முடிந்ததும் வினாக்களுக்குரிய விடைகள் குறிப்பாக வழங்கப்படும்; அல்லது மாணவர் கைடு வாங்கிக்கொள்வர். இம்முறையில் ஒரு பருவம் முழுவதும் பயின்று தேர்ச்சி பெறும் மாணவர், பாடநூலின் ஒரு பக்கத்தைக்கூடத் தாமாகப் படித்திருக்க வேண்டிய தேவை எழுவதில்லை. படிப்பவர் ஆசிரியர், பொருள் காண்பவரும் ஆசிரியர், மாணவர் கேட்டு, எழுதி, மனனம் செய்பவர்.

இதனால் நேரும் இழப்பு மதிப்பெண் பட்டியலில் தெரிவதில்லை. கல்லூரிக்கு வெளியே மாணவர் எதிர்கொள்ளும் ஆங்கிலப் பனுவல்கள் வேறு வகையின. கல்விக்கடன் ஒப்பந்தம், பணி நியமனக் கடிதம், மருந்து அட்டையிலுள்ள எச்சரிக்கை, கைப்பேசிச் செயலியின் நிபந்தனைகள், சமூக ஊடகச் செய்தி ஆகியவற்றைக் கைடு துணையின்றிப் படிக்க வேண்டியுள்ளது. அவற்றுள் சில, படிப்பவரை ஏமாற்றும் நோக்குடனேயே எழுதப்பட்டவை. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறும் மாணவர்க்கு இவற்றைப் படித்துச் சொல்ல வீட்டில் வேறு எவரும் இலர். வீட்டாருக்காக ஆங்கிலம் படித்துச் சொல்லும் பொறுப்பும் அவர் மேலேயே விழுகிறது. ஆங்கிலத்தில் அச்சாகி இருப்பதனாலேயே ஒரு கூற்று நம்பத்தக்கது என்று கொள்ளும் மனநிலையை வகுப்பறை மாற்ற வேண்டும். மேற்கண்ட முறையோ அதனை உறுதிப்படுத்துகிறது.

2. வாசிப்பு என்னும் செயல்

வாசிப்பு என்பது அச்சிலுள்ளதை அப்படியே மூளைக்குள் ஏற்றிக்கொள்வது அன்று என்பதை 20ஆம் நூற்றாண்டின் ஆய்வுகள் தெளிவுபடுத்தின. பிரெடரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நினைவாற்றல் குறித்த நூலில், தமக்குப் பழக்கமில்லாத பண்பாட்டைச் சேர்ந்த கதை ஒன்றைப் படித்த ஆங்கிலேயர், அதனைத் திரும்பச் சொல்லும்போது தம் பண்பாட்டிற்கு ஏற்ப மாற்றியமைத்ததை எடுத்துக்காட்டினார். கென்னத் குட்மன் 1967இல், வாசிப்பை ஊகித்தும் ஊகத்தைச் சரிபார்த்தும் முன்னேறும் செயலாக விளக்கினார். சொல்லைச் சரியாக அறிந்து படிப்பதன் இன்றியமையாமையை அவர் குறைத்து மதிப்பிட்டார் என்னும் மறுப்பு பின்னர் எழுந்தது. எனினும், படிப்பவர் தம் முன்னறிவைப் பனுவலுக்குள் கொண்டுசெல்கிறார் என்னும் கருத்து நிலைபெற்றது.

இதற்கு இந்தியச் சூழலோடு தொடர்புடைய சான்று ஒன்று உண்டு. ஸ்டெஃபன்சன், ஜோக்-தேவ், ஆண்டர்சன் ஆகிய மூவரும் 1979இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியரும் அமெரிக்கரும் இரண்டு கடிதங்களைப் படித்தனர். ஒன்று இந்தியத் திருமணத்தையும் மற்றொன்று அமெரிக்கத் திருமணத்தையும் வருணித்தது. இரு சாராரும் தம் பண்பாட்டுக் கடிதத்தை விரைவாகப் படித்தனர். மிகுதியாக நினைவில் கொண்டனர். அமெரிக்க மணமகள் தன் பாட்டியின் திருமண உடையை அணிந்திருந்தாள் என்னும் செய்தி, அமெரிக்கர்க்கு மரபின் பெருமையாகத் தோன்றியது. இந்திய வாசகர் ஒருவரோ, உடை பழையதாகவும் வழக்கொழிந்ததாகவும் இருந்ததாகக் கருதினார். இங்குத் தடையாக நின்றது சொற்பொருள் அறியாமை அன்று. சொற்களுக்குப் பின்னிருக்கும் வழக்கத்தை அறியாமையே.

இச்சான்று வகுப்பறைக்கு உணர்த்துவன இரண்டு. ஒன்று, அருஞ்சொற்பொருள் கூறுவதோடு விளக்கம் முடிந்துவிடுவதில்லை. மற்றொன்று, மாணவரின் பிழையான விளக்கமும் ஒரு காரணத்தின்பாற்பட்டது. அக்காரணத்தை வெளிப்படச் சொல்ல வைப்பதே திறனாய்வுச் சிந்தனையின் தொடக்கமாகும்.

3. திறனாய்வுச் சிந்தனை: பொருள் வரையறை

திறனாய்வு என்னும் சொல் தமிழில் இலக்கியத்தோடு ஒட்டி வழங்குவதால், திறனாய்வுச் சிந்தனை என்பதைக் குற்றம் காணுதல் என்றோ நயம் பாராட்டுதல் என்றோ கொள்ள இடமுண்டு. கல்வியியலில் அதன் பொருள் வேறு. ஜான் டூயி 1910இல் வெளியிட்ட நூலில், ஒரு நம்பிக்கையை அதற்குரிய சான்றுகளின் வலிமையை நோக்கி ஆராய்வதையே சிந்தனையின் உயர்நிலையாகக் கொண்டார். ராபர்ட் என்னிஸ், எதை நம்புவது, எதைச் செய்வது என முடிவெடுக்கத் துணைபுரியும் காரண அறிவோடு கூடிய சிந்தனை என அதனை வரையறுத்தார். இவ்வரையறையில் 'செய்வது' என்னும் கூறு கருதத்தக்கது. படித்ததன் விளைவாக ஒரு முடிவு எடுக்கப்பட வேண்டும்.

பெஞ்சமின் புளூமும் அவர் குழுவினரும் 1956இல் வெளியிட்ட கற்றல் நோக்கங்களின் வகைப்பாடு, அறிதல், புரிதல், பயன்படுத்தல், பகுத்தல், தொகுத்தல், மதிப்பிடல் என ஆறு நிலைகளைக் கூறிற்று. 2001இல் வெளியான திருத்த வடிவம் மதிப்பிடலை ஐந்தாம் நிலையாகவும் படைத்தலை ஆறாம் நிலையாகவும் அமைத்தது. வினாத்தாள் அமைப்போர் இன்று பரவலாகப் பயன்படுத்தும் இவ்வகைப்பாட்டினைப் படிக்கட்டாகக் கொண்டதனால் ஒரு தவறான முடிவும் பரவிற்று. கீழ்ப்படியில் முழுத் தேர்ச்சி பெற்ற பின்னரே மேற்படியில் கால் வைக்க வேண்டும் என்பதே அம்முடிவு. ஆங்கிலத்தில் தடுமாறும் மாணவர் இதனால் ஆண்டுக்கணக்கில் முதற்படியிலேயே நிறுத்தப்படுகின்றனர்.

4. வினாவின் இயல்பு

ஒரு வகுப்பில் எத்தகைய வாசிப்பு நிகழ்கிறது என்பதை அங்குக் கேட்கப்படும் வினாக்களைக் கொண்டு அறியலாம். பின்வரும் பகுதி பொருளற்ற சொற்களைக் கொண்டு இக்கட்டுரைக்கென அமைக்கப்பட்டது:

"புவிலன் ஒருவன் கெடுவத்தில் நொறுவையை உகணித்தான். நொறுவை தொமிழாமையால் அவன் சுமடலிடம் சென்றான்."

இதன்மேல் மூன்று வினாக்களைத் தொடுக்கலாம். நொறுவையை உகணித்தவன் யார்? அவன் அதனை எங்கே உகணித்தான்? அவன் சுமடலிடம் சென்றது ஏன்? தமிழ் அறிந்த எவரும் மூன்றுக்கும் முழு மதிப்பெண் பெறுவர். ஆனால் நொறுவை என்பது பறவையா பாத்திரமா என்பது எவர்க்கும் தெரியாது. வேற்றுமை உருபும் வினைமுற்றும் விடையைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. ஏன் என்று தொடங்கும் வினா சிந்தனையைத் தூண்டும் என்னும் பொதுக்கருத்தும் இங்குப் பொய்க்கிறது; 'தொமிழாமையால்' என்னும் சொல்லைப் பெயர்த்தெழுதினால் போதுமானது.

ஆங்கிலப் பாடநூல்களில் 'கருத்தறிதல்' எனும் பெயரில் வரும் வினாக்களுள் பல இவ்வகையின. வினாவிலுள்ள சொல்லைப் பத்தியில் தேடி, அது வரும் தொடரைப் பெயர்த்தெழுதும் உத்தியை மாணவர் பள்ளியிலேயே கற்றுவிடுகின்றனர். இவ்வுத்தி பிழையன்று, கேட்கப்பட்ட வினாவிற்கு அது போதுமானதாக இருப்பதே பிழை.

அதே பகுதியின்மேல் வேறு வினாக்களைக் கேட்டால் நிலைமை மாறுகிறது. சுமடலிடம் செல்வது தக்க முடிவுதானா? வேறு வழி இருந்ததா? இதைச் சொல்பவர் புவிலனை ஆதரிக்கிறாரா? இவற்றுள் ஒன்றுக்கும் பொருள் அறியாமல் விடை கூற இயலாது. ஆதலின் மதிப்பிடும் வினா, புரிதலுக்குப் பின் வரும் அலங்காரம் அன்று. புரிதல் நிகழ்ந்ததா என்பதைக் காட்டும் உரைகல்லும் அதுவே.

5. மொழியறிவின் எல்லை

இவ்வாதத்திற்கு ஆசிரியர்கள் கூறும் மறுப்பு நியாயமானது. சொற்களே தெரியாத மாணவர் எதனை ஆராய்வார்? சார்லஸ் ஆல்டர்சன் 1984இல் எழுப்பிய வினாவும் இதுவே: அயல்மொழியில் படிக்க இடர்ப்படுவோர்க்கு உள்ளது வாசிப்புச் சிக்கலா, மொழிச் சிக்கலா? தாய்மொழியில் பெற்ற வாசிப்புத் திறன்கள் அயல்மொழிக்கும் உதவும். ஆயின் அதற்கு அம்மொழியில் ஒரு குறைந்த அளவு அறிவு வேண்டும் என்பதே ஆய்வாளரிடையே வலுப்பெற்ற கருத்தாகும். ஒரு பனுவலைத் துணையின்றிப் படித்துணர அதிலுள்ள சொற்களுள் ஏறத்தாழ 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என ஹூ, நேஷன் ஆகியோர் 2000இல் காட்டினர். நாளிதழ், புதினம் போன்றவற்றை இந்நிலையில் படிக்க 8,000 முதல் 9,000 வரையிலான சொற்குடும்பங்கள் தேவை என நேஷன் 2006இல் கணக்கிட்டார். பட்ட வகுப்பிற்கு வரும் தமிழ்வழி மாணவர் பலருக்கு இது எட்டாத தொலைவாகும்.

ஆனால் இவ்வுண்மையிலிருந்து பெறத்தக்க முடிவு, சிந்தனையை ஒத்திப்போடுவது அன்று, பனுவலை எளிதாக்குவதே. மாணவர் வயதால் முதிர்ந்தவர். தமிழில் வழக்காடவும், ஐயுறவும், நியாயம் பேசவும் அறிந்தவர். அவரது மொழிநிலைக்கும் சிந்தனை நிலைக்கும் இடைவெளி உண்டு. பாடத்திட்டம் மொழிநிலைக்கு மேற்பட்ட பனுவலையும் சிந்தனை நிலைக்குக் கீழ்ப்பட்ட வினாவையும் அவர்முன் வைக்கிறது. இதனைத் தலைகீழாக்கி, எளிய பனுவலையும் கடின வினாவையும் வைப்பதே தேவை.

எளிய பனுவல் என்னும் கருத்து இந்நாட்டு வகுப்பறைகளுக்குப் புதியதன்று. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்க மாணவர்க்கு ஆங்கிலத்தில் முதலில் தேவைப்படுவது படிக்கும் திறனே என 1926இல் வெளியான இருமொழியம் பற்றிய தம் ஆய்வில் வாதிட்டார். படிப்பை இடையில் நிறுத்துவோர்க்கு அதுவரை கற்றதனால் எஞ்சும் பயன் என்ன என்று கேட்டு, அதனைக் காப்பீட்டின் சரண்டர் மதிப்போடு அவர் ஒப்பிட்டார். சொற்களை அளவாக அறிமுகப்படுத்தும் வாசக நூல்களையும் உருவாக்கினார். ஒரு நூற்றாண்டு கடந்தும் அவர் கேட்ட வினா விடை வேண்டி நிற்கிறது.

6. பண்பாட்டுத் தடை என்னும் வாதமும் நன்னூலும்

டுவைட் அட்கின்சன் 1997இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், திறனாய்வுச் சிந்தனை மேலைச் சமூகத்தின் பழக்கவழக்கங்களோடு பிணைந்தது. தனிமனிதரை முதன்மைப்படுத்தாத சமூகங்களிலிருந்து வரும் மாணவர்க்கு அதனைக் கற்பிக்கும் முன் ஆசிரியர் தயங்க வேண்டும் என்றார். இவ்வாதம் அயற்பண்பாட்டினரை மதிக்கும் நல்லெண்ணத்தில் எழுந்ததாயினும், தமிழ் மரபை நோக்க அது பொருந்தாமை தெளிவாகும்.

பவணந்தி முனிவரின் நன்னூல், நூலாசிரியர் மேற்கொள்ளத்தக்க எழுவகை மதங்களைக் கூறுகிறது. பிறர் கருத்தை ஏற்றல், மறுத்தல், முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதல், தானே ஒன்றை நிறுவி நிலைநாட்டல், இருவர் மாறுபடும்போது ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டல், பிறரோடு சாராது தன் கருத்தைக் கொள்ளல் ஆகிய ஏழும் ஒரு கூற்றை எதிர்கொள்ளும் வழிகளின் முழுமையான பட்டியலாகும். இன்றைய ஆங்கில வினாத்தாள் 'உடன்படுகிறீரா, மறுக்கிறீரா' என இரண்டோடு நிற்க, நன்னூல் ஏழு நிலைகளைக் காட்டுகிறது. முன்னை உரையாசிரியரின் கருத்தை எடுத்துக்காட்டி, அது பொருந்தாமைக்குக் காரணம் கூறி, தம் உரையை நிறுவும் முறையைத் தொல்காப்பிய உரைகளில் பரவலாகக் காணலாம். மணிமேகலையின் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை, பல சமயத்தாரின் கொள்கைகளைக் கேட்டறிவதையே தன் பொருளாகக் கொண்டுள்ளது.

எனினும் மரபை ஒருபுடையாகக் காட்டுதலும் முறையாகாது. மாணவர் ஓவியப் பாவை போல் அசைவின்றி அமர்ந்து கேட்க வேண்டும் என்பதும் நன்னூல் கூறும் இலக்கணமே. ஆனால் அந்நூல் அதனோடு நிற்கவில்லை. ஆசிரியர் கூறியதை நன்கு கொண்டாலும் புலமையில் காற்பங்கே நிரம்பும். உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு வரும். பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு நிறைவுறும் என்கிறது. கேட்கும் நிலையிலேயே பாடம் முடிந்துவிடும் இன்றைய வகுப்பு, நன்னூல் வகுத்த கணக்கின்படி முக்கால் பங்கை இழந்து நிற்கிறது.

பாலின்சர், பிரௌன் ஆகியோர் 1984இல் விளக்கிய பரிமாற்றக் கற்பித்தல் முறை இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. ஊகித்தல், வினாத் தொடுத்தல், தெளிவுபெறல், சுருக்கிக் கூறல் என்னும் நான்கு செயல்களை ஆசிரியர் முதலில் செய்துகாட்டுவார். பின்னர் மாணவரே முறைவைத்து ஆசிரியர் இடத்தில் அமர்ந்து குழுவை நடத்துவர். மாணவர் பிறர்க்கு எடுத்துரைக்கும்போது அவர் வாசிப்பும் வளர்கிறது என்பதே இம்முறையின் அடிப்படை.

7. இரு கள அனுபவங்கள்

7.1 பெங்களூர்த் திட்டம்

என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் நடத்திய மொழி கற்பித்தல் திட்டம், பெங்களூர்த் திட்டம் எனப் பெயர் பெற்றது. பெங்களூரோடு சென்னை, கடலூர்ப் பள்ளிகளும் அதில் இடம்பெற்றன. இலக்கண வரிசையில் பாடம் அமைக்காமல், மாணவர் தம் கவனத்தைப் பொருளின்மேல் செலுத்தித் தீர்க்க வேண்டிய செயற்பாடுகளின் வரிசையாகப் பாடம் அமைக்கப்பட்டது. தொடர்வண்டி அட்டவணை, நிலப்படம் போன்ற எளிய பனுவல்கள் பயன்பட்டன.

பிரபு 1987இல் வெளியிட்ட நூலில் செயற்பாடுகளை மூவகைப்படுத்தினார். ஒருவரிடம் உள்ள செய்தியை மற்றவர்க்கு உணர்த்துவது ஒரு வகை. தரப்பட்ட செய்தியிலிருந்து காரண அறிவால் புதிய செய்தியைப் பெறுவது மற்றொரு வகை. சொந்த விருப்பத்தையோ கருத்தையோ வெளிப்படுத்துவது மூன்றாம் வகை. இம்மூன்றனுள் இரண்டாவதே வகுப்பறைக்கு மிகவும் ஏற்றது என்பது அவர் துணிபு. பல வகுப்புகளின் கால அட்டவணைகளைக் கொண்டு ஓர் ஆசிரியரின் கால அட்டவணையைக் கண்டறிதல் இதற்கு எடுத்துக்காட்டு. அதன் மொழி எளிது. விடை பனுவலில் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆயினும் விடை சரியா தவறா எனச் சரிபார்க்க இயலும். மொழியில் தயங்கும் மாணவர்க்குக் கருத்து கூறும் வினாவைவிட இது பாதுகாப்பானது.

வகுப்பில் குறைந்தது பாதிப் பேர் செயற்பாட்டின் பாதியையேனும் செய்ய இயல வேண்டும் என்பது அத்திட்டத்தின் கடினத்தன்மைக்கான அளவுகோல். பெரெட்டா, டேவிஸ் ஆகியோர் 1985இல் வெளியிட்ட மதிப்பீடு, பொருளின்மேல் கவனம் செலுத்தும் வழியாக இலக்கணம் உருவாகும் என்னும் திட்டத்தின் கொள்கைக்கு வரையறைகளுடன் கூடிய ஆதரவையே அளித்தது. அவ்வரம்பிற்குள்ளும் அதன் பாடம் தெளிவு: சிந்தனையைத் தூண்ட மொழியில் முழுத் தேர்ச்சி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

7.2 யாழ்ப்பாண வகுப்பறை

சுரேஷ் கனகராஜா யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாம் ஆங்கிலம் கற்பித்த வகுப்பைக் குறித்த ஆய்வை 1993இல் வெளியிட்டார். போர்க்காலத்தில், அமெரிக்க வாழ்க்கையை மையமிட்ட பாடநூலொன்றை அம்மாணவர் பயின்றனர். பாடநூலின் ஓரங்களில் அவர்கள் தமிழ்த் திரைப்படங்கள் பற்றியும் தமிழர் அரசியல் பற்றியும் எழுதியும் வரைந்தும் வைத்திருந்தனர். பாடநூல் மாந்தரையும் படங்களையும் தம் சூழலுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டனர். அதே மாணவர் வகுப்பில் உரையாடல் பயிற்சிகளை விரும்பாமல், தேர்வுக்கு உதவும் இலக்கணத்தையே வேண்டினர்.

இந்நிலையைக் கனகராஜா முழுமையான எதிர்ப்பு என்றோ முழுமையான பணிவு என்றோ கொள்ளவில்லை. அதன் இருபொருள் தன்மையையே சுட்டினார். ஓர் ஆங்கிலப் பனுவலை ஆராயும் மனம் மாணவரிடம் முன்னரே உண்டு. அது செயற்படும் இடம் வகுப்பு அன்று, நூலின் ஓரம் என்பது இதிலிருந்து பெறத்தக்க கருத்தாகும். ஓரத்தில் நிகழும் அவ்வுரையாடலைப் பாடத்தின் நடுவே கொண்டுவருவதே ஆசிரியரின் பணி.

8. ஒரு பாட மாதிரி

மேற்கண்ட கருத்துகளின் அடிப்படையில் பட்ட வகுப்பு முதலாண்டிற்குரிய ஒரு பாடத்தை அமைத்துக் காணலாம். பாடத்திற்குரிய பனுவல், எளிய ஆங்கிலத்தில் அமைந்த ஒரு கற்பனைப் பணி நியமனக் கடிதம். அதன் கருத்து வருமாறு: "தங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. நேர்காணல் தேவையில்லை. மாத ஊதியம் 45,000 ரூபாய் வரை கிடைக்கலாம். பயிற்சிப் பொருள்களுக்காக 3,500 ரூபாயை இன்று மாலைக்குள் செலுத்துக. தொகை பின்னர் திருப்பித் தரப்படும். இடங்கள் குறைவு."

முதற்படி, வாசிப்பிற்கு முந்தையது. ஒரு நியமனக் கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என மாணவர் இருவர் இருவராகப் பட்டியலிடுவர். முன்னறிவை வெளிக்கொணரும் இப்படியில் தமிழில் பேசுதலைத் தடுக்கத் தேவையில்லை.

இரண்டாம் படி, நேர்ப்பொருள் காணல். மாணவர் கடிதத்தைத் தாமே அமைதியாகப் படித்து, அதன் கருத்தை இரு தொடர்களில் தமிழில் எழுதுவர். ஆங்கிலத்தில் பெயர்த்தெழுதுவோரும் உண்மையில் புரிந்துகொண்டோரும் இப்படியில் தெளிவாக வேறுபடுவர். தமிழில் சொல்லத் தொடங்கினால் பெயர்த்தெழுத வழியில்லை.

மூன்றாம் படி, மொழியமைப்பின் வழியே ஐயம் எழுப்பல். 'திருப்பித் தரப்படும்' என்னும் செயப்பாட்டுவினையில் எழுவாய்க்குரிய ஆள் யார்? அவ்வாளைச் சேர்த்துச் செய்வினையாக மாற்றி எழுதுக. மாற்ற முற்படும் மாணவர், தருபவர் யார் என்பது கடிதத்தில் எங்கும் இல்லை என்பதைக் கண்டறிவர். 'பின்னர்' என்பது எப்போது? 'மே', 'அப் டு' ஆகிய இரு சொற்களையும் நீக்கினால் ஊதியம் பற்றிய தொடரின் பொருள் எவ்வாறு மாறும்? அவ்விரு சொற்களும் இருக்கும்போது, கடிதம் எழுதியவர் எந்தத் தொகைக்கும் பொறுப்பேற்கவில்லை என்பது விளங்கும். செய்வினை, செயப்பாட்டுவினை மாற்றம் ஆண்டுதோறும் கற்பிக்கப்படும் இலக்கணமே. ஆனால் அது பெரும்பாலும் வாய்பாடாக நின்றுவிடுகிறது. செய்தவரை மறைக்க மொழி அளிக்கும் வசதி அது என்பதை அறியும்போது, இலக்கணப் பாடமும் சிந்தனைப் பாடமும் ஒன்றாகின்றன.

நான்காம் படி, சான்றை மதிப்பிடல். கடிதத்தை நம்புவதற்குரிய காரணங்களை ஒரு குழுவும் ஐயுறுவதற்குரிய காரணங்களை மற்றொரு குழுவும் தொகுக்கும். ஒவ்வொரு காரணத்திற்கும் கடிதத்தின் ஒரு தொடரைச் சுட்டுதல் கட்டாயம். இன்று மாலைக்குள் என்னும் கெடுவும், இடங்கள் குறைவு என்னும் எச்சரிக்கையும் சான்றுகளா, அச்சமூட்டும் உத்திகளா என்பது இங்கு ஆராயப்படும்.

ஐந்தாம் படி, பனுவலுக்கு வெளியே செல்லுதல். சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர் முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றறிஞர் 10 பேர், தொழில்முறைச் செய்தி சரிபார்ப்போர் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு மாணவர் 25 பேர் ஆகியோரின் இணைய வாசிப்பை ஒப்பிட்டனர். அறிஞரும் மாணவரும் ஒரே பக்கத்திற்குள் நின்று ஆழ்ந்து படித்து ஏமாற, சரிபார்ப்போர் விரைவில் அப்பக்கத்தை விட்டு வெளியேறி, பிற இடங்களில் அதனைப் பற்றித் தேடினர். ஆழ்ந்த வாசிப்பு மட்டும் போதாது. எதனை ஆழ்ந்து படிப்பது என முடிவு செய்யும் பக்கவாட்டு வாசிப்பும் வேண்டும் என்பது இதனால் பெறப்படும். கடிதத்திலுள்ள செய்திகளுள் எவற்றை எங்கே சரிபார்க்கலாம் என மாணவர் பட்டியலிடுவர்.

ஆறாம் படி, எழுதுதல். கடிதம் அனுப்பியவர்க்கு மூன்று வினாக்கள் கொண்ட ஆங்கில மறுமொழி ஒன்றை ஒவ்வொரு மாணவரும் எழுதுவர். நான்கு அல்லது ஐந்து தொடர்களே போதும். பெற்ற புரிதல் ஒரு செயலாக முடிவுறுவது இங்கேதான்.

அறுபது பேர் கொண்ட வகுப்பில் இவ்வாறு படிகளையும் ஒரே மணிநேரத்தில் முடிக்க இயலாது. இரண்டு அல்லது மூன்று வகுப்புகள் தேவைப்படும். பாடப்பகுதியை முடிக்க வேண்டிய நெருக்கடியுள்ள ஆசிரியர் மூன்றாம், நான்காம் படிகளை மட்டும், நடைமுறையிலுள்ள பாடத்தின் ஒரு பத்திக்குப் பொருத்தி நடத்தலாம்.

9. மதிப்பீடு

தேர்வு மாறாமல் வகுப்பு மாறாது. ஆனால் தேர்வில் மதிப்பிடும் வினாக்களைச் சேர்ப்பதும் தனித்த தீர்வாகாது. குறித்த பாடத்தின்மேல் எழுப்பப்படும் எந்த வினாவும், அது எவ்வளவு உயர்நிலைச் சிந்தனையைக் கோரினும், ஓரிரு ஆண்டுகளில் கைடுகளில் விடையாக அச்சாகிவிடும். 'ஆசிரியரின் கருத்தோடு நீவிர் உடன்படுகிறீரா' என்னும் வினாவிற்கும் மனனம் செய்த உடன்பாடே விடையாக வரும். ஆகவே திறனாய்வுச் சிந்தனையை மதிப்பிட, முன்பு பயிலாத பனுவல் இன்றியமையாதது. அப்பனுவல் பாடநூற் பகுதியைவிட எளிய மொழியில் அமைந்திருத்தல் வேண்டும்.

அத்தகைய பனுவலுக்கு மூன்று வினாக்கள் போதுமானவை. பனுவலில் உள்ளதைச் சொல்லும் வினா ஒன்று. பனுவலில் சொல்லப்படாது பெறப்படுவதைக் கேட்கும் வினா ஒன்று. ஒரு முடிவையும் அதற்குரிய சான்றையும் கேட்கும் வினா ஒன்று. மூன்றாம் வினாவிற்கு மதிப்பெண் வழங்குவதில் திருத்துவோரிடையே வேறுபாடு தோன்றும் என்னும் அச்சம் உண்டு. மாணவரின் முடிவிற்கு மதிப்பெண் இல்லை. பனுவலிலிருந்து சான்று காட்டினாரா, அச்சான்று முடிவைத் தாங்குகிறதா, மாற்றுக் கருத்தைக் கருதினாரா ஆகியவற்றிற்கே மதிப்பெண் என வரையறுத்தால் அவ்வேறுபாடு குறையும். மொழிப்பிழைக்குத் தனியே மதிப்பெண் ஒதுக்குதலும் தேவை. இல்லையேல் பிழையின்றி எழுதப்பட்ட மனனம், பிழைகளோடு எழுதப்பட்ட சிந்தனையை வென்றுவிடும்.

10. முடிவுரை

வாசிப்பும் திறனாய்வுச் சிந்தனையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கற்பிக்கத்தக்க இரு திறன்கள் அல்ல. மதிப்பிடும் வினா இன்றிப் புரிதல் நிகழ்ந்ததா என அறிய இயலாது. புரிதல் இன்றி மதிப்பிடவும் இயலாது. மொழியறிவின் குறையை ஈடுசெய்யப் பனுவலை எளிதாக்கலாம். வினாவை எளிதாக்குதல் கூடாது. பெங்களூர்த் திட்டம் இதன் இயலுமையையும், யாழ்ப்பாண ஆய்வு மாணவரிடம் முன்னரே உள்ள ஆய்வு மனத்தையும், நன்னூல் இச்சிந்தனைக்கு இம்மண்ணில் உள்ள வேரையும் காட்டுகின்றன.

வினாத்தாள் அமைப்போர், பாடநூல் தொகுப்போர், வகுப்பாசிரியர் ஆகிய மூவருள் இம்மாற்றத்தை உடனே தொடங்க இயன்றவர் வகுப்பாசிரியரே. அடுத்த பாடத்தின் வினாக்களை வகுப்பிற்கு எடுத்துச் செல்லுமுன், பத்தியின் பொருள் அறியாமலே அவற்றிற்கு விடை எழுத இயலுமா என அவர் சோதித்துப் பார்க்கலாம். இயலும் எனின், அவற்றுள் ஒன்றையேனும் மாற்றியமைத்தல் அவர் கையில் உள்ளது.